லாரியில் அண்ணன் பூட்டிய இரண்டு மின்விசிறிகள்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரை 'அஞ்சா நெஞ்சர்' என்று குறிப்பிடலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. அண்ணன் பயந்த சுபாவம் உள்ளவர். அவரோடு வாழ்ந்த எல்லோருக்கும் அது தெரியும். தங்கையாகிய நான் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் நைனா முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அதன்பின் அண்ணன் படகில் கால் வைக்கவே இல்லை. ஊரில் சிரித்தார்கள். அவர் பொன்னேரிக்குப் போய் லாரி பட்டறையில் சேர்ந்து, வண்டி ஓட்டவும் கற்றார். எழுபதுகளின் நடுவில் பழவேற்காட்டு பாய் ஒருவரின் லாரியில் சென்னைக்கு இறால் ஏற்றிப் போகத் தொடங்கினார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அந்த லாரிதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், காட்டூர் அருகே இன்ஜின் ஃபேனின் இறக்கை ஒன்று முறிந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. பானட்டைத் தூக்கிய அண்ணனின் கழுத்திலும் மார்பிலும் கொதிநீர் பீறிட்டது. ஒரு மாதம் வாழையிலையில் கிடந்தார். புண் ஆறியது; பயம் ஆறவில்லை. யார் வீட்டிலாவது குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தப் பழைய வண்டிக்கு மாற்று ஃபேன் எங்கும் கிடைக்கவில்லை. "காயலான் கடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்றார் பாய். அண்ணன், "ஒரு வாரம் குடுங்க பாய்" என்று கேட்டுக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனார். நொறுங்கிய கார்களிலிருந்து கழற்றிய இரண்டு மின்விசிறிகளோடு திரும்பினார். லாரி இன்ஜினுக்கு ஒன்று போதாது என்றார்.

இரும்புப் பட்டையை வளைத்துச் சட்டம் செய்து, ரப்பர் வைத்து, இரண்டையும் பற்றவைத்துச் சரிசெய்த ரேடியேட்டருக்குப் பின்னால் முடுக்கினார். முதல் நாள் போட்ட ஒயர் மெல்லியது. சுவிட்சைத் தட்டியதும் அது உருகிப் புகைந்தது. அண்ணன் பத்தடி ஓடிப்போய் நின்றார். பிறகு அவரே திரும்பி வந்து பேட்டரியைக் கழற்றினார். மறுநாள் தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், சுவிட்ச் சூடேறாமல் இருக்க நடுவில் ஒரு ரிலே என்று எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு இணைப்பையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். ரேடியேட்டர் முன்னால் செய்தித்தாளைப் பிடித்தார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. காற்று சரியான பக்கம்தான் போகிறது என்று அப்போதுதான் மூச்சு விட்டார்.

அடுத்த ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. தாலுகா அலுவலகத்து ஆட்கள் குப்பத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாய் லாரியைக் கொடுத்தார். காலையில் முதல் நடையில் நாற்பது பேருக்கு மேல் ஏறினார்கள், பாதிப்பேர் குழந்தைகள். நான் என் கைக்குழந்தையோடு முன்னால் உட்கார்ந்தேன்.

பாதி வழியில் ஏரித் தண்ணீர் சாலைக்கு மேல் ஓடியது. இறக்கை தண்ணீரை அடிக்கக் கூடாது என்று அண்ணன் ஃபேனை நிறுத்தி மெதுவாகக் கடந்தார். மேட்டில் ஏறியதும் சுவிட்சைப் போட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பின்னால் பார்த்தால் நாங்கள் கடந்து வந்த சாலையே தெரியவில்லை.

ஸ்டியரிங்கை விடாமல் என் பக்கம் திரும்பினார். "எனக்குப் பயமா கீது பாப்பா" என்றார்.

நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நனைந்த சாக்கைக் கழுத்திலும் கையிலும் சுற்றிக்கொண்டு இறங்கினார். "நான் சொல்ற வரைக்கும் சுவிட்சுல கை வெக்காத." முகத்தைத் திருப்பிக்கொண்டு பானட்டைத் தூக்கினார். வெள்ளத்தில் மிதந்து வந்த நைலான் வலைத்துண்டு ஒன்று ஒரு ஃபேனில் சுற்றி இறுகியிருந்தது. அது சுழல முடியாமல் ஃபியூஸ் போய்விட்டது. மாற்று ஃபியூஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

லாரி மேலேயிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னாப்பா பண்ற? தண்ணி ஏறுது! போன ஃபியூஸ்ல சிகரெட்டு ஜிகினாத்தாள சுத்திட்டு வண்டிய எடு!"

"முடியாதுண்ணா. ஒயரு பத்திக்கினா இத்தினி பசங்களும் எங்க குதிக்கும்?"

மீன் வெட்டும் அக்கா ஒருவர் கத்தியை நீட்டினார். கைக்கு இடைஞ்சலான சாக்கை உருவிவிட்டு, கொதிக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கையை விட்டு, அண்ணன் இழை இழையாக வலையை அறுத்தார். தண்ணீர் மேட்டில் ஏறி டயரைத் தொட்டது. குழந்தைகள் அழுதார்கள். அவர் அவசரப்படவில்லை. இரண்டு ஃபேன்களின் இறக்கைகளையும் விரலால் சுற்றிப் பார்த்த பிறகே ஃபியூஸைப் போட்டார்.

"இப்பப் போடு பாப்பா."

இரண்டும் சுழன்றன. அவர் ஏறி இன்ஜினைக் கிளப்பி, முள் இறங்கிய பிறகே வண்டியை நகர்த்தினார்.

பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். முழங்கை வரை கொப்புளம். நான் போக வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "இன்னும் ஆளுங்க கீறாங்களே" என்றார். கடையில் ஃபியூஸ் வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஏறாத அனுப்பம்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். மாலைக்குள் மீதி முப்பது பேரையும் கொண்டுவந்தார். அன்று எங்கள் குப்பத்தில் குடிசை ஒன்றும் மிஞ்சவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சு நோயோடு மருத்துவமனையில் இருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும், ஒவ்வொரு கருவிக்கும் பயந்தார். "இது இன்னா? எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுபத்தொன்பதாவது வயதில், ஒரு விடியற்காலையில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியானார்.

ஈமக் காரியங்களைத் தோளில் சுமந்த ஊராருக்கும், பெட்டிக்குப் பூ கொண்டுவந்த பாய் குடும்பத்தாருக்கும் எங்கள் வணக்கம். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன அந்தச் செவிலியருக்கு, பெயர் கேட்டு வைக்காமல் போனதற்கு மன்னிப்போடு, நன்றி. பயப்படாதே என்று அதட்டாமல், அவர் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் இந்தத் தங்கை கடமைப்பட்டிருக்கிறாள்.