கொல்லைமேட்டில் மருந்தடித்த சனிக்கிழமை

1982 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். ஆம்பூருக்கு நூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர்; டிக்கெட் ஏழு ரூபாய். என் தங்கை எஸ்தரைக் கொல்லைமேட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வரத்தான் போனேன். நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்தவள், இரண்டே அறை கொண்ட ஒரு கிராம மருத்துவ நிலையத்தில் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்க இவளுக்கு இது ஏன் என்று அப்பாவுக்கு ஆறாத வருத்தம். எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் கேட்டால், "நர்சா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒன்பதரைக்கு ஆம்பூர். தோல் பதனிடும் வாடை பிளாட்பாரம் வரை வந்து வரவேற்றது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து மைல், ஐம்பது காசு.

"கொல்லமேடா? நர்சம்மாவுக்கு இன்னா வேணும் நீங்க?" என்றார் கண்டக்டர்.

"அண்ணன்."

உடனே முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி என்னை உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடை. இருபுறமும் கத்திரித் தோட்டம். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஒருவர் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை, மேலில் சட்டையில்லை. எதிர்க்காற்றில் மருந்துத் தூறல் அவர் முகத்திலேயே விழுந்தது. வரப்பில் அவர் மனைவி பீப்பாயில் முழங்கை வரை கையை விட்டு மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது வெறும் காட்சியாகத்தான் பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன்.

பதினொன்றரைக்கு எஸ்தர் வீட்டில் காபி. வந்த விஷயத்தைச் சொன்னேன். "சாப்ட்டுட்டுப் பேசலாம்ணா" என்றாள்.

சோறு வடிப்பதற்குள் மாட்டுவண்டி வந்து நின்றது. அதில் கிடந்தவர் நான் பார்த்த அதே மனிதர், ஏகாம்பரம். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தொடைச் சதை தன்னால் துடித்தது. "நர்சம்மா, வாந்தியா எடுக்கறாரு!" என்று அலறினாள் மனைவி முனியம்மா.

எஸ்தர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். கருவிழிக்குள் பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. "லுங்கிய அவுத்துப் போடு. சோப்பு போட்டுக் கழுவு. முனியம்மா, உன் கையையும்தான். அண்ணா, தலையை ஒருக்களிச்சுப் புடி." சொல்லும்போதே விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை ஏற்றிவிட்டாள். குரலில் நடுக்கமே இல்லை. வீட்டில் கரப்பான் பூச்சிக்குக் கத்தும் எஸ்தரா இவள்?

மாட்டுவண்டி பின்னால் வர, நான் சாலைக்கு ஓடி, வேலூர்ப் பக்கம் போன லாரி ஒன்றை மறித்தேன். பின்னால் உப்புப் போட்ட பச்சைத் தோல் பாதி அளவு. டிரைவர் கரீம் பாய் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "தோல் எங்கியும் ஓடிப்போவாது. ஏத்துங்க சார், டைம் கம்மி!"

நாற்பத்து நான்கு கிலோமீட்டர். ஏகாம்பரத்தின் தலை என் மடியில். எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, குலுங்கும் லாரியில் மேலும் மூன்று ஊசி போட்டாள். பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது மூச்சு திணறியது. முனியம்மா அழக்கூட மறந்துவிட்டாள். நான் அன்றுதான் மனப்பூர்வமாக ஜெபம் செய்தேன்.

ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர் கேட்டார்: "வழியிலேயே ஊசி போட்டது யாரு?" எஸ்தர் கையைத் தூக்கினாள். "நீங்க இல்லேன்னா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டார்மா."

வேலூர் வேலை பற்றி அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏகாம்பரம் கண் விழித்துப் பேசினார். அவரை வார்டில் விட்டுவிட்டு, முனியம்மாவும் நாங்களும் கொல்லைமேட்டுக்குத் திரும்பினோம். பத்து மணிக்குக் கூலிக்காரப் பெண்கள் கத்திரித் தோட்டத்து நிலத்துக்காரர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவள் முனியம்மா. பேச்சு எஸ்தருடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ பின்னால் என் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

"மருந்துன்னு சொல்லிச் சொல்லியே எங்களயே நாங்க ஏமாத்திக்கினோம். அது வெசம். கலக்கறதுக்குக் கழி வேணும். சோப்பும் தண்ணியும் வரப்புல இருக்கணும். காத்துக்கு எதுர அடிக்கமாட்டோம். காலி டின்னு எதுவும் எங்க வூட்டுக்கு வரக்கூடாது, ஓட்ட போட்டுப் பொதச்சிடணும். இல்லாங்காட்டி நீங்களே அட்ச்சிக்கோங்க."

நிலத்துக்காரர் முதலில் சிரித்தார்; பிறகு கத்தினார். ஒருத்தியும் நகரவில்லை. வெயில் ஏறியது. செடியில் காய்ப்புழு காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும். "சரி, எல்லாம் வாங்கித் தரேன், போங்க" என்றார்.

"இதையெல்லாம் நீயா சொல்லிக் கொடுத்தே?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"மூணு வருஷமா சொல்றேன். இன்னிக்குத்தான் அவங்க வாயால கேக்கறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மாலை நான்கு மணி ரயிலில் எதிரில் இருந்த பெரியவர் எங்கே போய் வருகிறேன் என்று விசாரித்தார். என் தங்கை என்று ஆரம்பித்தவன், சோளிங்கர் தாண்டியும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை என் நான்காம் வகுப்பில், யார் யார் வீட்டில் பூச்சிமருந்து டின்னில் தண்ணீரோ அரிசியோ வைக்கிறார்கள் என்று கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அரக்கோணத்துக்குப் பக்கத்திலேயே, தினமும் நான் சைக்கிளில் கடக்கும் ஊர்களின் பிள்ளைகள். அன்றைக்கே எஸ்தருக்குக் கார்டு எழுதினேன்: "அடுத்த லீவில் வா. பெற்றோர்களைக் கூட்டி வைக்கிறேன். முனியம்மாவையும் அழைத்து வா, அவர்தான் பேச வேண்டும்."