தலைமாட்டு முடிச்சு

கடலோர ஊரான எத்தாளையில் எனக்கு ஒரு வெங்காயத் தோட்டமும் பத்துத் தென்னையும் இருக்கின்றன. ஊரில் ஆண்கள் மௌத்தானால் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கட்டுவதும் நான்தான். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து அகதி முகாமில் கிடந்த காலத்தில் அந்த வேலைக்கு ஆளில்லாமல் போய் நானே பழகிக்கொண்டது. கூலி வாங்குவதில்லை. அல்லாஹ்வுக்காகச் செய்வது.

அந்தக் கையால் உயிரோடு இருந்த ஒருவரையும் ஒரு தடவை கட்டியிருக்கிறேன்.

அவர் இந்தியாவிலிருந்து வந்த டைரக்டர். மலபார்க் கரையில் பிறந்த முஸ்லிம். பதினாறு வயதில் சென்னைக்கு ஓடிப்போய், ஸ்டூடியோவில் கதிரை தூக்கி, தமிழ் பழகி, முதல் படத்தைத் தமிழில் எடுத்தாராம். பிறகு தெலுங்கு. பிறகு பம்பாய்க்குப் போய் ஹிந்தி. எங்கள் கரைக்கு அவர் வந்தது, கடலில் இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தூக்கிப் போகும் காட்சியை எடுக்க. அதே காட்சியைத் தமிழில், ஹிந்தியில், மலையாளத்தில் என்று மூன்று தரம் எடுக்க வேண்டும். ஜனாஸாப் பெட்டியான சந்தூக்கின் பக்கத்தில் நடந்துகொண்டு மகன் சொல்லும் ஒரு வரி மட்டும் மாறும்.

கபன் கட்ட ஆள் தேடி என் வீட்டுக்கு வந்தார். குசினிக்குள் இருந்து என் பொஞ்சாதி சத்தம் போட்டாள்.

"மௌத்த வெச்சி என்ன வெளாட்டு? ஒத்துக்கொள்ள வாணாம்."

அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஊரார் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே 'நானா' என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்க உம்மா என் படம் ஒண்ணையும் புரிஞ்சு பார்த்ததில்ல, நானா. மலையாளம் மட்டுந்தான் தெரியும். 'எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு எப்படா எடுப்பே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பம்பாயில ஷூட்டிங்ல இருந்தப்போ போயிட்டா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கிட்டாங்க. சந்தூக்கோட ஒரு மூலையக்கூட நான் பிடிக்கல. இப்பத்தான் அவ பாஷையில முதல் தடவையா எடுக்கறேன்."

குசினியிலிருந்து கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோப்பை பிளேன்டீ வந்தது. தொழுகை நடத்தக் கூடாது, அடக்குகிற மையவாடிக்குள் போகக் கூடாது என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

பள்ளிவாசல் சந்தூக்கைக் கேட்கவில்லை. மூடியும் பச்சைத் துணியுமாக படக்காரர்களே ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார்கள். மையித்தாக நடித்துப் படுக்க டவுனிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். கால்மாட்டிலும் இடுப்பிலும் முடிச்சுப் போட்டேன். மூச்சு விட வேண்டுமே என்று தலைமாட்டை மட்டும் கட்டாமல், அதற்கான துணிக் கீலத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். தமிழ் முடிந்தது. ஹிந்தி முடிந்தது. மூடியைத் திறந்ததும் அந்த ஆள் எழும்பி, செருப்பைக்கூடத் தேடாமல் வெளிக்கிட்டார்.

"உள்ளுக்குக் கிடக்கக்குள்ள காதுக்குக் கிட்ட ஆரோ ஸலாம் சொன்ன, நானா. நான் பதில் சொல்லல்ல. காசும் வாணாம், ஒண்டும் வாணாம்" என்று பஸ் றோட்டுப் பக்கம் போய்விட்டார்.

வேறொருவரும் படுக்க வரவில்லை. "எங்கட பிரதேச சபை மெம்பரப் படுக்க வைங்க, அவர் எதுக்கும் எழும்புற ஆளில்ல" என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களும் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"நானே படுக்கறேன்" என்றார் டைரக்டர். கமரா ஆட்களிடம், "நான் கட் சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது" என்றார். எந்த நாளும் அவர் சொல்வதுதான். மூடிக்குள் கிடந்து எப்படிச் சொல்லுவார் என்று அந்த நேரம் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நடுப்பகல். அந்த மாதத்தில் எங்கள் கரையில் காற்று ஓய்வதே இல்லை. அன்றைக்கு ஓய்ந்தது. கரையோரத்துக் காற்றாலைகள் எல்லாம் ஒன்றாய் நின்றுபோயிருந்தன. துணியைச் சுற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு சுட்டது. நான் அவருடைய உம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டில் வேலை செய்தது.

தூக்க ஓர் ஆள் குறைந்ததால் இடது முன் மூலையை நான் பிடித்தேன். நடந்தோம். மகனாக நடித்தவர் அழுதுகொண்டே தன் வரியைச் சொன்னார். அந்நேரம் மாம்புரிப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று நின்றது. அதிலிருந்த மூவர் உண்மையான ஜனாஸா என்று நினைத்து இறங்கி ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கலிமாவையும் அவர்களே தொடங்கினார்கள். எங்களுக்கும் வாய் தன்னால் சேர்ந்துகொண்டது. கமரா பின்னால் தங்கிவிட்டது. 'கட்' கேட்கவில்லை. நடந்துகொண்டே இருந்தோம்.

வியர்வை துடைக்க ஒரு கையைப் பையில் விட்டேன். லேஞ்சி இருந்தது. கீலம் இல்லை.

மற்ற கையையும் எடுத்து எல்லாப் பையையும் தடவினேன். இல்லை. தலைமாட்டையும் கட்டியிருக்கிறேன். மையித்துக்குக் கட்டுகிற மாதிரியே.

"இறக்குங்க! இறக்குங்க!"

லொறிக்காரர் முறைத்தார். "என்ன நானா கதைக்கிறீங்க? நடுறோட்டுல ஜனாஸாவ இறக்கிறதா? அந்தா மையவாடி தெரியுது."

"ஆள் உசிரோட இரிக்கிறார்!"

"நானாக்கு வெயில் ஏறிட்டு. ஆராவது தண்ணி குடுங்க."

முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தேன். ஏசிக்கொண்டே இறக்கினார்கள். மூடியைத் தள்ளினேன். வாய்க்கு நேரே துணி உள்ளே ஒட்டிப் பள்ளமாகக் கிடந்தது. அசைவில்லை. இத்தனை வருடமாக அந்த முடிச்சை நான் அவிழ்த்ததெல்லாம் கபுறுக் குழிக்குள் இறங்கி நின்றுதான். வெயிலில் விரல் கேட்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

அவருடைய கண்கள் திறந்திருந்தன. மௌத்துக்கு ஓதும் இன்னாலில்லாஹி என்று வாயெடுத்துப் பாதியில் நிறுத்தினேன். அப்போதுதான், சங்கு குளிக்கிறவன் மேலே வந்து விடுகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. லொறிக்காரர் ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கட் சொல்லப் பார்த்தேன். ஒரு பாஷையும் வரல." பிறகு இடது முன் மூலையைக் காட்டி, "நானா, இந்த மூலைய யார் பிடிச்சாங்க?" என்றார்.

"நான்தான்."

"முதல்ல நீங்க. அப்புறம் தோள் மாறிச்சு. மூலை கொஞ்சம் கீழ இறங்கி அப்படியே நின்னுச்சு. குள்ளமான ஆள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு கையையும் எடுத்து, அந்த மூலையை விட்டே ஓடியிருந்தேன். சந்தூக்கு சரியவில்லை. தூக்கியவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒவ்வொருவரும் தாம் பிடித்த இடத்தைக் காட்டினார்கள். அந்த மூலையை ஒருவரும் காட்டவில்லை. "உங்கட உம்மா உசரமா?" என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

முடிச்சுக்காக அவரிடம் மாப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காட்சியைத் திரும்ப எடுக்கவில்லை, அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். போகும்போது அந்தக் கீலத்தைக் கேட்டு வாங்கிப் போனார். படம் வெளியாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குக் கபன் கட்டிவிட்டேன். தலைமாட்டை முடியுமுன் குனிந்து வாயருகே காதை வைப்பேன். "என்னத்தக் கேக்கிறீங்க, நானா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால் கலிமா ஓதுகிறேன் என்பேன். அது பொய்யில்லை, ஓதிக்கொண்டுதான் கேட்கிறேன்.

ஜனாஸா தூக்கும்போது இடது முன் மூலைக்கு மட்டும் நான் போவதில்லை. தோள் வலி என்று சொல்லியிருக்கிறேன். என் பொஞ்சாதிக்கு மட்டும் உண்மை தெரியும்.