சி பிரிவுக்கு வந்த கணக்கு சார்

ஒன்பதாம் வகுப்பில் எங்களை மார்க் வாரியாகப் பிரித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் ஏ பிரிவு, சுமாரானவர்கள் பி. மிஞ்சியவர்கள் சி. பெரியப்பா மகள் ஏ பிரிவுக்குப் போனாள். நான் சி பிரிவுக்கு. வீட்டில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கோ அவளைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. அவளுக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு. பள்ளிக்கூடம் இருந்த ஒரத்தநாட்டிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு வரும் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு ஊர் வந்து சேருவாள். நான் அதற்குள் வாய்க்காலில் குளித்து, சாப்பிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வகுப்புக்குக் கணக்கு சார் வருவதே இல்லை. வேப்பமரத்தடியில் உட்காரவைத்து விடுவார்கள். சத்தம் போடாமல் இருக்க வேண்டும்; அதுதான் எங்கள் பாடத்திட்டம்.

இந்தப் பெருமையை ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“கணக்கு வாத்தியார் வர்றதே இல்லியா?”

“அவரு ஏ செக்‌ஷனுக்குத்தாம்மா. எங்களுக்கு ஜாலி.”

மறுநாள் எங்கள் வயலில் நடவு. அம்மா அதை அப்பாவிடம் விட்டுவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். தலைமையாசிரியர் உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினாள்.

“புள்ளைங்களுக்குத் தகுந்த மாதிரிதாம்மா பிரிச்சிருக்கோம்” என்றார் அவர்.

“பிரிச்சுக்குங்க சார், வேணாங்கல. படிப்பு ஏறாத புள்ளைக்குத்தானே ரெண்டு தடவ சொல்லிக்குடுக்கணும்? இதுங்களுக்கு வாத்தியாரே இல்லேன்னா எப்படிங்க?”

ஜன்னலில் என் வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

அடுத்த வாரம் கணக்கு சார் வந்தார். அவரோடு மாலை நேரச் சிறப்பு வகுப்பும் வந்தது. வகுப்பில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை.

முதல் சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அம்மா கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். புடவை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து, “என்ன சொல்லிக்குடுத்தாங்க? சொல்லு” என்றாள்.

இருந்த கோபத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, போர்டில் பார்த்ததை எல்லாம் மடமடவென்று ஒப்பித்தேன். அம்மா படித்தவளில்லை, ஒரு வரிகூட விளங்கியிருக்காது. “இன்னொரு தடவ சொல்லு” என்றாள். ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. கணக்கில் சிரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவே இல்லை.