மகேசன் மினுக்கிய கைத்துப்பாக்கி

நோர்வேயின் அம்மருட் அடுக்குமாடிகளில் எவருக்காவது பழைய சாமான் ஒன்றின் விலை தெரிய வேண்டுமென்றால், நேரே மகேசனிடம்தான் போவார்கள். கிழமை நாட்களில் அவர் பஸ் டிப்போவில் பிரேக் பழுதுபார்ப்பவர். சனி ஞாயிறு வந்துவிட்டால் ஆள் வேறு. பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் பழைய சாமான் சந்தைகளில் கறுத்துப்போன பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளைத் தேடிப் பிடிப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து பழப்புளியும் உப்பும் போட்டு ஊறவைத்து உரஞ்சுவார். விற்றவரே பார்த்தாலும் அடையாளம் தெரியாது. அடுத்த சந்தையில் அதே தாங்கியை அந்த மனிதரின் மைத்துனருக்கே நல்ல விலைக்கு விற்றுவிட்டு, சிரித்துக்கொண்டே வருவார். மினுக்காத பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது அவரைப் பொறுத்தவரை தலை வாரி இழுக்காமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

அவருடைய உற்ற நண்பர் ஹால்வர். அதே டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் மகேசனின் கட்டடத்தின் கீழ்மாடியில் தனியாக இருந்தார்.

2003ஆம் ஆண்டு. ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போவதென்று மகேசனும் மனைவி பூமணியும் முடிவெடுத்தார்கள். செய்தி ஹால்வரின் காதுக்கு எட்டியதும், தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“சாப்பாட்டு மேசையிலை நீ சொன்ன கதையளிலை பாதி பொய் எண்டு எனக்குத் தெரியும். எந்தப் பாதி எண்டு வந்து பார்த்தால்தானே பிடிபடும்,” என்றார். இருவரும் பேசுவது நோர்வே மொழியில்தான். ஆனால் மகேசன் வீட்டில் வந்து சொல்லும்போது ஹால்வரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்.

ஆசை இருந்ததே தவிர, ஹால்வரின் ஓய்வூதியத்தில் அவ்வளவு பெரிய பயணத்துக்கு இடமில்லை. “இஞ்சேருங்கோ, அந்த மனிசன்ர டிக்கெட்டை நாங்கள் எடுத்துக் குடுப்பம்,” என்றாள் பூமணி. மகேசனும் போய்ச் சொன்னார். ஹால்வரின் முகம் சிவந்துவிட்டது. பிறர் காசில் ஒரு தேநீர்கூடக் குடித்தறியாத மனிதர் அவர். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் லிப்ட் வாசலில் மகேசனைக் கண்டாலும் வணக்கம் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் தானாகவே கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய இராணுவக் கைத்துப்பாக்கி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய படையில் அதிகாரியாக இருந்த அவருடைய தகப்பனாரின் பிஸ்டல். பொலிஸ் அனுமதி எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“இதை வித்துத்தான் வரப்போறன். என்ன பெறும் எண்டு பார்த்துச் சொல்லு. பேரம் பேசவும் நீதான் வரவேணும்.”

மகேசனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ஆனால் பிஸ்டலைக் கையில் எடுத்ததும் மனம் கோணியது. கருநீலமாக இருந்திருக்க வேண்டிய இரும்பு அங்கங்கே மண்ணிறமாய் மங்கிக் கிடந்தது. இந்தக் கோலத்தில் இதை யார் வாங்குவார்? வீட்டுக்கு ஓடிப்போய்ப் புளி கரைத்துக்கொண்டு வந்தார். ஹால்வர் பிஸ்டலைக் கழற்றி, குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, பழைய பல்தூரிகை ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். ஊறவைத்துத் தேய்த்தார்கள். கறுப்பும் மண்ணிறமும் கரைந்து கரைந்து தொட்டியில் ஓடின. கடைசியில் பிஸ்டல் புதுச் சருவச்சட்டி போலப் பளபளத்தது. இருவரும் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் பக்கம் இருந்த துப்பாக்கிக் கடைக்கு மகேசனின் காரில் போனார்கள். பிஸ்டல் பூட்டிய பெட்டிக்குள், பெட்டி டிக்கிக்குள். இருந்தாலும் சோதனைச் சாவடிகளில் இளமையைத் தொலைத்த மகேசனுக்குப் பயம் விடவில்லை. வழி நெடுகப் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க ஊர்ந்துகொண்டே போனார்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார்.

“இதுக்கு என்ன செய்தனீங்கள்?”

“மினுக்கினனான்,” என்றார் மகேசன் பெருமையாக.

“எதாலை?”

“புளியாலை. நாங்கள் கறிக்குப் போடுற பழம்.”

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். பழைய ஆயுதம் சேர்ப்பவர்கள் பணம் கொடுப்பதே அந்தப் பழைய தோலுக்குத்தான் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். தொழிற்சாலை பூசிய நீலம், காலம் ஏற்றிய மண்ணிறம், உறையில் உரசிய தேய்வு எல்லாம் இருந்திருந்தால், இந்தப் பிஸ்டலின் காசில் ஒருவர் உலகத்தின் மறுபக்கம் போய் வந்திருக்கலாம். இப்போது இது வெறும் இரும்பு. சுடப் பழகுகிறவர்களுக்கு உதவும். அவர் சொன்ன விலை லண்டன் வரைக்கும் போதும், திரும்பி வரக் காணாது.

மகேசனுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. ஆனாலும் விடாமல் பேரம் பேசினார். கடைக்காரர் பாவப்பட்டுக் கொஞ்சம் ஏற்றினார். அதற்கு மேல் அசையவில்லை. ஹால்வர் கையொப்பமிட்டுப் பிஸ்டலை விற்றார்.

திரும்பும் வழியில் ஹால்வர்தான் முதலில் வாய் திறந்தார். “பரவாயில்லை. நீ கதை கதையாச் சொன்ன உங்கடை மாமரத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு வா. பொய்யோ மெய்யோ எண்டு பாப்பம்.” சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மகேசன் தன் கையைப் பார்த்தார். எத்தனையோ பேரின் சாமானைத் தொட்ட கை, கடைசியில் சிநேகிதனின் ஆசையையா உரஞ்சித் தொலைக்க வேண்டும்!

சிவப்பு விளக்கில் கார் நின்றபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

“ஹால்வர், நான் உன்ர காரை இடிச்சால் ஆர் காசு கட்டுறது?”

“இதென்ன கேள்வி? நீதான்.”

“உன்ர சைக்கிளை உடைச்சால்?”

“நீதான்.”

“அப்ப, உன்ர பிஸ்டலைப் பழுதாக்கினது ஆர்?”

பல்தூரிகையைக் கொடுத்தது தான்தான் என்று ஹால்வர் முனகிப் பார்த்தார். “தூரிகை ஒண்டும் செய்யேல்லை, புளிதான் செய்தது. அது என்ர புளி,” என்றார் மகேசன். விளக்குப் பச்சையாகிப் பின்னாலிருந்தவர் ஹோர்ன் அடித்தார். மகேசன் காரை எடுக்கவில்லை.

ஹால்வர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். “அப்படியெண்டால் குறைஞ்ச காசை நீ தரத்தான் வேணும். ஒரு குரோனும் விடமாட்டன்.”

“தாறன்,” என்றார் மகேசன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னபோது பூமணி வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “இப்பிடித்தான் அந்த மனிசன் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவார் எண்டு முதலே தெரிஞ்சிருந்தால்,” என்றாள், “நானே புளி கரைச்சுத் தந்திருப்பன்.”