குழாய் வரும்வரை மேயர்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த விஷயம் இது. 'போன' என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். நான் எழுதி, அது கப்பலேறி, மெட்ராஸில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். அந்தமான்காரனுக்குத் தாமதம் பழக்கமானதுதான். இந்தத் தடவை மட்டும் அது உறுத்துகிறது...

டவுனில் அன்று புதுக் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. பந்தல், மைக், மாலை எல்லாம் உண்டு. ரிட்டயர் ஆன ஆபீஸ் டைப்பிஸ்ட் என்ற மரியாதைக்கு எனக்கும் அழைப்பு வந்திருந்தது. போகப் பிடிக்கவில்லை. மின்னி பேயிலிருந்து பஸ் பிடித்து, சௌல்தாரி போகும் வழியில் இருக்கும் ஒரு சின்ன செட்டில்மென்ட்டில், குடியேறியவர்களின் ஊரில், இறங்கினேன்.

அணையிலிருந்து டவுனுக்குப் போகும் இரும்புக் குழாய் அந்த ஊரின் நடுவேதான் போகிறது. அதன்மேல் காதை வைத்துக் குனிந்திருந்தார் ஒருவர்.

"ஓடுது பாபு. சத்தம் சாஃபா கேக்குது. நீங்களும் வந்து கேளுங்க."

அவர்தான் மாயாண்டி அண்ணன். அந்த ஊர் பஞ்சாயத்துக்குப் பிரதான், அதாவது தலைவர். டவுன் தமிழர்கள் நாங்கள் கிண்டலாக மேயர் என்போம். ஐம்பதுகளில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, சர்க்கார் கொடுத்த காட்டை வெட்டி வயலாக்கியவர். ஊரில் பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லாரும் உண்டு. எல்லார் சண்டையையும் அரைகுறை ஹிந்தியிலேயே தீர்த்துவைப்பார்.

முதல் தேர்தலில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊருக்குக் குழாய்த் தண்ணி வரட்டும். அன்னைக்கே இறங்கிடறேன்."

பதினான்கு வருஷமாகப் பதவியில் இருக்கிறார். ரகசியம் புரிகிறதா? தண்ணீர் வரவில்லை!

வருஷத்துக்கு இரண்டு முறை என்னிடம் வருவார். ஆபீஸ் முடிந்ததும் இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுப்பேன். நாலா என்கிற ஓடைத் தண்ணீர்தான் ஊருக்குக் குடிநீர், மழையில் கலங்குகிறது, வெயிலில் வற்றுகிறது, ஒரே ஒரு குழாய் போதும் — இவ்வளவுதான் விஷயம். சில வாரத்தில் பதில் போகும்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதை அடிப்பது யார்? அடியேன்தான். சாயங்காலம் மாயாண்டி அண்ணன் பக்கம், காலை பத்து மணிக்கு சர்க்கார் பக்கம். மெஷின் ஒன்றுதான்.

கொடுமை அதோடு முடியவில்லை. இங்கிலீஷ் தெரியாத மனிதர், அந்தப் பதிலையும் என்னிடமே கொண்டுவருவார். நான் அடித்த கடிதத்தை நானே புதிதாகப் பார்ப்பதுபோல் உறையைப் பிரிப்பேன்.

"க்யா போல்தா, பாபு?"

"பரிசீலனையில இருக்காம் அண்ணே."

"டீக் ஹை. இல்லேன்னு சொல்லலையே."

ஒரு மழைக்கால மனுவில், வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதில் ஒன்று அவர் மகள் வயிற்றுப் பேத்தி என்பது பல மாதம் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொந்த விஷயம் மனுவில வரக்கூடாது பாபு" என்றார்.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதுவரை ஊரார் தப்பைத்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

அணைத் திட்டத்துக்கு வரைபடம் போட்ட சமயம். புதிதாக வந்த அதிகாரி, நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டார். "குழாய் போகும் வழியில் இருக்கும் ஊர்களில் யாராவது தண்ணீர் கேட்டு எழுதியிருக்கிறார்களா? இருந்தால் ஃபைலைக் கொண்டு வாருங்கள். குழாய் வைக்க இப்போதே குறித்துவிடலாம்."

அன்று கப்பல் நாள். இரண்டு வருஷம் கழித்து லீவு கிடைத்து, நான் மெயின்லேண்ட் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெட்டி ஜெட்டிக்குப் போய்விட்டது. ஃபைல் ரெக்கார்ட் ரூமில், எந்தக் கட்டில் என்று தேடவேண்டும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதோ...

"அப்படி ஒன்றும் இல்லை சார்" என்றேன்.

அவ்வளவுதான். வரைபடம் மேலிடத்துக்குப் போனது. நான் கப்பலேறினேன். திரும்பி வந்து அதிகாரியிடம் சொன்னேனா? இல்லை. அதற்கு அடுத்த மனுவுக்கும் நான்தான் பதில் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாயாண்டி அண்ணனின் மனைவி குடத்தோடு நாலாவிலிருந்து ஏறி வந்தார். குழாய் வழியை மறித்துக் கிடந்ததால், குடத்தை இடுப்பு மாற்றி, அதைத் தாண்டித்தான் வந்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். "நல்லா கொதிக்க வச்சிருக்கேன் சார், பயப்படாம குடிங்க" என்றார். டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"இந்தத் தடவை நான் நிக்கலை பாபு" என்றார் அண்ணன். "தண்ணி வந்ததும் இறங்கறேன்னு சொன்னேன்ல? வந்துருச்சே. இதோ ஓடுது."

"ஊருக்கு வரலையே அண்ணே. இன்னொரு மனு போடலாம்."

அவர் சிரித்தார். "எல்லா மனுவுக்கும் நீங்கதான பதில் அடிச்சீங்க இத்தனை வருசமா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வருசமே. உங்க ஆபீஸ் பியூன் சொன்னான்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்டயே வந்தீங்க?"

குழாயைத் தடவிக்கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மனு எழுதற கையும் பதில் எழுதற கையும் ஒண்ணா இருந்தா, என்னைக்காவது ஒரு நாள் அந்தக் கை கூசாதான்னு பாத்தேன் பாபு."

கப்பல் நாள் கதையை அவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். அச்சில் வந்தாலும் அவர் படிக்கமாட்டார், இந்தப் பத்திரிகை அந்த ஊருக்குப் போவதில்லை. என் தைரியம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். புதுத் தண்ணீர்... நல்ல ஃபோர்ஸ்.