மணி அடிக்கும்வரை சாத்தியிருந்த கதவு

மாணவர் சங்கம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார்கள். தலைவர்களாக்கும் என்றும் சொல்வார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். அன்று நடந்ததைப் பற்றித் திருவனந்தபுரத்தில் வேறு விதமாகவும் பேசப்பட்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் கணிதம் கற்பித்த கல்லூரியிலேயே என் மகளும் படித்தாள்; சங்கச் செயலாளராகவும் இருந்தாள். பெண்கள் விடுதியில் பல நாட்களாகத் தண்ணீர் இல்லை. முதல்வர் செவிசாய்க்காததால் வகுப்புகளைப் புறக்கணிக்க முடிவு செய்தார்கள். வழக்கப்படி வகுப்பு வகுப்பாக வந்து, ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மாணவர்களை வெளியே அழைப்பார்கள். பாடவேளையின் நடுவில் எந்தச் சங்கத்துக்கும் நான் வகுப்பை விட்டதில்லை.

அன்று வாசலில் வந்து நின்றவள் என் மகள்.

“சார், ரெண்டு மினிட்டு தரணம்.”

“மணி அடித்த பிறகு பேசலாம்.”

அவள் முகம் சிவந்தது. “சரி சார்” என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள்.

உடன் வந்தவர்கள் கொதித்தார்கள். “லீடருக்கு அச்சனெ பேடியாணோ?” அப்பாவிடம் பயமா என்று ஒருவன் கேட்க, சிரிப்பு எழுந்தது. “பாவம், வீட்டுல சோறு கிட்டாது!” என்றான் இன்னொருவன். கதவில் ஓர் உதை விழுந்தது.

“கதகு தொட்டால் ஞான் இப்போத்தன்னெ ராஜி வைக்கும். பெல்லடிக்கட்டெ!”

கதவைத் தொட்டால் பதவியையே உதறுவேன் என்கிறாள் என் மகள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கைத் தொடர்ந்தேன்.

“சார், அது மைனஸ்” என்றாள் முன்வரிசை மாணவி. திருத்தினேன்.

வெளியே கோஷம் மெலிந்தது. சிலர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. கூட்டம் கலைந்தால் இனி அவளை எவரும் மதிக்கமாட்டார்கள்; விடுதிக்கும் தண்ணீர் வராது. நான் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை.

மணி அடித்தது. அவள் உள்ளே வந்து, விடுதிப் பெண்கள் விடியலில் குடத்தோடு தெருக்குழாய்க்கு அலைவதைச் சொன்னாள். என் மாணவர்கள் ஒருவர் மிச்சமின்றி எழுந்தார்கள். முதல்வர் அறையை அடைந்த ஊர்வலத்தில் பெரும்பகுதி என் வகுப்புதான். மாலையில் தண்ணீர் லாரி வந்தது.

மகளுக்காக வகுப்பை விட்டேன் என்று சக ஆசிரியர் சிலர் பேசினார்கள். மணி அடித்த பிறகே விட்டேன். ஒரு வகுப்பே அதற்குச் சாட்சி.

அன்று இரவு ஸ்ரீவராகம் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில், சாப்பிடும்போது கேட்டேன்: “அவாளைத் தடுத்தது அப்பாவுக்காகவா?”

“இல்லேப்பா. சரின்னு நான் சொல்லியாச்சு. அதை நானே மாத்தினா, நாளைக்கு நான் சொல்றதை யார் கேப்பா?” தட்டிலிருந்து தலை நிமிராமல் சேர்த்துக்கொண்டாள்: “ஆனா உங்க மேல எனக்குக் கோபம்தான்.”

அது தணிந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.