கேட்காமல் போன புல்லிச் சத்தம்

கார் பட்டறை வைத்திருந்த அவரைத் தெருவில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடுவார். "இந்தப் பேரிங் இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார். தாங்கும். காலையில் முதல் வண்டியின் பானெட்டைத் திறக்குமுன், "கடவுளே, என் கைக்கும் காதுக்கும் நீயே துணை" என்று ஒரு வேண்டுதல். முப்பது வருஷமாக அதே வேண்டுதல்தான்.

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போயின. முதலில் தெரிந்துகொண்டது மனைவி.

"என்னங்க, டிவியைக் கொஞ்சம் குறைங்க. பக்கத்து வீட்டுல டிவியே வாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"உங்களுக்கா? குக்கர் நாலு விசில் அடிச்சுது. பக்கத்துலயே சிலை மாதிரி உக்காந்திருந்தீங்க."

அவர் சிரித்து மழுப்பினார். காது போய்விட்டது என்று ஒப்புக்கொண்டால் பேரும் போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

அப்போதுதான் தங்கை தன் காரைக் கொண்டுவந்தாள். அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். முதலிலிருந்து பார்க்கிற டாக்டர் அங்கேதான் என்று மகள் தன் ஊரிலேயே தங்கிவிட்டாள்; இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மாப்பிள்ளைக்கோ கப்பலில் வேலை. "வலி வந்ததும் கூப்பிடுறேன், நீ வந்து என் கையைப் பிடிச்சுக்கணும்மா" என்று மகள் சொல்லி வைத்திருந்தாள்.

"வண்டி கீச்சுக் கீச்சுங்குதுண்ணே. எப்ப ஃபோன் வரும்னு தெரியாது. நல்லா பாத்துக் குடுங்க."

அண்ணன் பானெட்டைத் திறந்தார். எஞ்சினின் முன்பக்கம் நாலைந்து புல்லிச் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற நீள பெல்ட்டில் வெடிப்பு விட்டிருந்தது. உதிரிபாகக் கடைக்காரரிடம் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினார். அதற்குமுன் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சின்னப் புல்லியையும் சுழற்றினார். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லையென்றால் பேரிங் நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம். விரலால் மெல்ல உருட்டிப் பார்த்திருந்தாலே உள்ளே சொரசொரப்பது தெரிந்திருக்கும். காது இருக்க விரல் எதற்கு என்று விட்டுவிட்டார்.

தங்கை வண்டியைக் கிளப்பினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அண்ணே, இன்னும் மெல்லிசா என்னமோ கத்துதே."

அவர் உரக்கச் சிரித்தார். "எனக்கே கேக்காதது உனக்குக் கேக்குதா? பாட்டி ஆகப்போற பதட்டம் உனக்கு. போயிட்டு வா."

ஒன்பதாம் நாள் காலையில் ஃபோன் வந்தது. தங்கை புறப்பட்டாள். பாதி வழியில் அந்தச் சின்னப் புல்லி இறுகி நின்றுவிட்டது. பெல்ட் தேய்ந்து புகைந்து அறுந்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. தண்ணீர் பம்ப் நின்று எஞ்சின் கொதித்தது. வெயிலில், ஃபோன் சிக்னலும் இல்லாத ஆளற்ற ரோட்டோரத்தில் மூன்று மணி நேரம் கைகாட்டிக்கொண்டே நின்றாள். ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது பேத்தி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம், கடவுள் புண்ணியம். ஆனால் "அம்மா வந்துட்டாங்களா, அம்மா வந்துட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் பெற்றிருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டது பேர் தெரியாத ஒரு நர்ஸ்.

கட்டி இழுத்துவந்த காரை அண்ணன் திறந்தார். புல்லி சூட்டில் நீலம் பாய்ந்து, ஆட்டினால் அசையாமல் இருந்தது. பார்த்த உடனே புரிந்துபோயிற்று.

"புது பெல்ட்டு எப்படிண்ணே அறுந்துச்சு? கடைக்காரன் போலியைத் தலையில கட்டிட்டானா?" என்றாள் தங்கை.

அவர் வாயைத் திறக்கவில்லை. அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் பார்க்கக் கடைக்காரரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டாள்.

அன்றைக்கே கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். "காதுக்காரரே, நீங்களே சொல்லுங்க. இருபது வருஷமா என்கிட்ட வாங்குறீங்க. என் பெல்ட்டுல என்ன குறை?"

"இனிமே பாத்துக் குடுங்க" என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

கடைக்காரர் திரும்பிப் போனார். மறுநாள் காலை வேண்டுதலில், "கைக்கும்" என்றவருக்கு அடுத்த சொல் வரவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் வரவில்லை. கடவுளிடம் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

எட்டு மாதம் கழித்துத் தங்கை மகள் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் பார்க்கப் போனார். குழந்தை ஒரு ரப்பர் வாத்தை அமுக்கி அமுக்கி விளையாடியது.

"காலையிலேருந்து இதே கீச்சு கீச்சு. காதே போகுது, இல்ல மாமா?"

அவர் வாத்தைப் பார்த்தார். குழந்தை மறுபடி அமுக்கியது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பெல்ட்டு நல்ல பெல்ட்டுதாம்மா" என்றார் தங்கையிடம். "புல்லி பேரிங் போயிருந்துச்சு. எனக்குக் கேக்கல. இப்ப இந்த வாத்தும் கேக்கல. அன்னிக்கே தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன்."

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்துதுன்னு சொன்னேனே அண்ணே."

"சொன்னே."

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமா. சிரிச்சேன்."

தங்கை மகள் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "பரவாயில்ல மாமா" என்று அவள் சொல்லிவிடமாட்டாளா என்று அவர் மனம் ஏங்கியது. அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடனும் அவளுக்கு இல்லை.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனார். ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, மன்னிப்பும் அப்படித்தான் கேட்கவேண்டும். கேட்டார். கடைக்காரர் நிமிராமல் பெட்டிகளை அடுக்கினார்.

"எட்டு மாசம் ஆச்சு, காதுக்காரரே."

"அந்தப் பேரால கூப்பிடாதீங்க."

"அப்ப என்னன்னு கூப்பிடறது? உங்க நெஜப் பேரே எனக்குத் தெரியாதே" என்றார் கடைக்காரர். சிரிப்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

அதன்பிறகு பெல்ட் மாற்றினால் அந்தச் சின்னப் புல்லியையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார். மற்றவற்றை விரலால் உருட்டிப் பார்க்கிறார். வண்டிக்காரர்களிடம், "எனக்குக் காது மந்தம், நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பாதிப் பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

தங்கையும் ஒரு வருஷம் வேறு இடத்துக்குத்தான் போனாள். பிறகு ஒருநாள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து நின்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தார்.

"இன்னும் மெல்லிசா என்னமோ கேக்குதுண்ணே."

அவர் எஞ்சினை அணைத்தார். ஸ்பேனரை எடுத்து, பெல்ட்டை மறுபடியும் கழற்றத் தொடங்கினார்.